‘அந்த மகளைப் பாருங்கோ’

அன்புள்ள எல்லோருக்கும்,

மகனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் நன்றியைத் தள்ளிப்போட மனசு கேட்கவில்லை.

அன்று ராத்திரியே ஓடி வந்தவர்கள், பேப்பர் வேலைகளையெல்லாம் என்னை ஒரு கையெழுத்துக்கு மேல் கேட்காமல் முடித்துக் கொடுத்தவர்கள், ஊரிலிருந்து வந்த அம்மாவை விமான நிலையத்திலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டி வந்த மூன்று தம்பிகள், முறை போட்டுச் சோறு கொண்டுவந்த வீடுகள், வாசலில் மெழுகுவத்தி வைத்துவிட்டுப் பேசாமல் நின்ற அவனுடைய பள்ளிக்கூட நண்பர்கள், லண்டன் ஆபீஸில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள். உங்களையெல்லாம் இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை என்று தெரியும். நேரில் வந்து கையைப் பிடித்துச் சொல்லுவேன்.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது எங்கள் தெருவில் நாலாவது வீட்டு டீச்சரைப் பற்றி.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷமாக ஒரே தெருவில் இருக்கிறோம். குளிரைப் பற்றி நாலு வார்த்தை பேசியதோடு சரி. மூன்றாம் நாள் காலையில் வந்தார். வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் எல்லோரும் என்னிடமும் மனைவியிடமும்தான் வந்தார்கள், அதுதானே வழக்கம். டீச்சர் எங்களைத் தாண்டி நேராக மாடிப்படிக்குப் போனார். அங்கே என் மகள் கடைசிக்கு முந்தின படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, எவர்சில்வர் தூக்கை அவள் மடியில் வைத்து, “பிள்ளை, நீ சாப்பிட்டனியா?” என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். தூக்கில் இடியாப்பமும் சொதியும் இருந்தன. அங்கேயே, படியிலேயே, டீச்சர் பிசைந்து கொடுக்கக் கொடுக்க அவள் சாப்பிட்டாள். பதின்மூன்று வயசுப் பெண். மூன்று நாளாக அவள் என்ன சாப்பிட்டாள், எங்கே தூங்கினாள் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது அவள்தான் என்பதே பிறகுதான் உறைத்தது.

பதினாறு முடிந்த சனிக்கிழமை, என்னையும் மகளையும் டீச்சர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒரு படம் போடுகிறேன், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம் என்றார். கென்னத் பிரானா எடுத்து, அவரே ஷேக்ஸ்பியராக நடித்த ‘ஆல் இஸ் ட்ரூ’. 2018-இல் வந்தது. அது எதைப் பற்றிய படம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மறைத்துக் கூட்டிப் போகவில்லை. அப்புறம் என்னிடம் மட்டும் தணிந்த குரலில், “படம் பாக்கேக்க அந்த மகளைப் பாருங்கோ” என்றார்.

1613 ஜூனில் லண்டனில், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கம் பற்றி எரிகிறது. எட்டாம் ஹென்றி நாடகத்தில் வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் பிடித்துக்கொண்டது. அந்த நாடகத்தின் இன்னொரு பெயர்தான் படத்துக்கும் பெயர். எல்லாம் எரிந்தபின் அவர் ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வருகிறார். அதற்குப் பதினேழு வருஷம் முன்பே, 1596-இல், ஒரே மகன் ஹாம்னெட் 11 வயதில் போய்விட்டான். அவனுக்காக ஒரு தோட்டம் போடப் போகிறேன் என்று, செடியைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் மண்ணைக் கொத்துகிறார்.

வந்த முதல் ராத்திரி மனைவி ஆன் அவருக்கு வீட்டின் நல்ல படுக்கையைக் கொடுக்கிறாள். அது விருந்தாளிகளுக்கான படுக்கை. இத்தனை வருஷம் லண்டனிலேயே இருந்தவர் அந்த வீட்டுக்கு விருந்தாளிதானே. ஆனாக நடித்த ஜூடி டென்ச் அதைக் கோபமே இல்லாமல் சொல்கிறார். எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிட்டது. திங்கள் காலை ரயிலேறி வெள்ளி ராத்திரி வீடு திரும்பும் எனக்கும் எங்கள் வீட்டில் நல்ல தட்டுதான் வைப்பார்கள். பிள்ளைகளிடம் “சத்தம் போடாதே, அப்பா களைத்து வந்திருக்கிறார்” என்பார்கள்.

மகன் செத்தபோது நீ ஒரு நகைச்சுவை நாடகம் எழுதிக்கொண்டிருந்தாய் என்று ஆன் இன்னொரு இடத்தில் கேட்பாள். அதற்கு அவரிடம் பதிலில்லை.

டீச்சர் சொன்னபடி நான் மகளைத்தான் பார்த்தேன். ஜூடித். ஹாம்னெட்டோடு ஒரே வயிற்றில் பிறந்த இரட்டை. அவன் எழுதிய கவிதைகள் என்று அப்பா சில தாள்களைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார். ஜூடித் அதே வீட்டில் நடமாடுகிறாள், வேலை செய்கிறாள், சிடுசிடுக்கிறாள். செத்திருக்க வேண்டியது நான்தான் என்று இவர் நினைக்கிறார் என்று அவளுக்கு மனசில் இருக்கிறது. அந்தத் தாள்களின் கதை என்ன என்பதைப் படம் பார்க்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன். பையன் எப்படிச் செத்தான் என்பதற்கு வரலாற்றில் பதிவு இல்லை. படம் சொல்வது எழுதியவரின் கற்பனை. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் கற்பனையில்லை. அதே முகம் சோபாவில் என் பக்கத்தில், காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

படத்தின் நடுவே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அப்பா, உனக்கும் அப்படித் தோணுமா?” என்று கேட்டாள். டீச்சர் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். தேநீர் போட அவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். நாங்கள் பேசி முடிக்கும்வரை அவர் வரவில்லை. என்ன பேசினோம் என்பது எங்களோடு இருக்கட்டும். அண்ணன் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். நானும்.

போன ஞாயிறு, அவள் கேட்டதால், இருவரும் பர்மிங்காமிலிருந்து ரயிலேறி ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போனோம். ஒரு மணி நேரம்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட்டிப் போனதில்லை. ஏவன் ஆற்றங்கரையில் அந்தத் தேவாலயம். பலிபீடத்துக்கு முன்னால் தரையில் வரிசையாகக் கல்லறைக் கற்கள்: ஷேக்ஸ்பியர், ஆன், மூத்த மகள் சூசன்னா, மருமகன் ஹால். என் மகள் ஒவ்வொரு கல்லாகப் படித்து முடித்துவிட்டு, “ஜூடித் எங்கே?” என்றாள்.

ஜூடித்துக்குக் கல் இல்லை. வெளியே புல்வெளியில் எங்கோ புதைத்திருக்கிறார்கள், இடம் தெரியவில்லை. அவள் அப்பாவுக்குப் பிறகு 46 வருஷம் வாழ்ந்தாள். முதல் பையனுக்கு ஷேக்ஸ்பியர் என்றே பெயர் வைத்தாள். ஆறு மாசத்தில் போய்விட்டான். மற்ற இரண்டு பையன்களும் 1639-இல், ஒருவன் பின் ஒருவனாக. இதையெல்லாம் டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் சொல்லச் சொல்ல மகள் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மரத்தடியில் குனிந்து, கொண்டுபோயிருந்த சாமந்தியில் பாதியை வைத்தாள். மீதியை அண்ணனுக்கு என்று திரும்பக் கொண்டுவந்தாள்.

அடுத்த மாதத்திலிருந்து எனக்கு வேலை இங்கேயேதான். கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். பல வருஷம் முன்பே கேட்டிருக்கலாம் என்ற நினைப்பு என்னை விடாது. ராத்திரிச் சாப்பாடு இனிமேல் அவளோடுதான், எந்த நாளானாலும். இதை உங்கள் எல்லோர் முன்னாலும் எழுதி வைக்கிறேன்.

டீச்சர், உங்கள் தூக்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று பாட்டி சொன்னாளாம். இன்று காலை மகளே ரவையை வறுத்துக் கேசரி கிண்டியிருக்கிறாள். கொஞ்சம் கட்டி தட்டியிருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பேரும் வருகிறோம்.