ஆய்லர் வழி எதையும் கண்டுபிடிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நகரத் திட்டமிடல் குறித்து வெளியான கட்டுரையில், கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் தலா ஒரு முறை மட்டும் கடந்து ஊரைச் சுற்றிவரும் வழியைக் கணித மேதை ஆய்லர் கண்டுபிடித்தார் என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவனால் அந்த வரியைச் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை. அப்படியொரு வழியே கிடையாது என்பதைத்தான் அவர் நிறுவினார். பிரேகல் ஆறு பிரித்த நான்கு நிலப்பகுதிகளில் நடுத்தீவுக்கு ஐந்து பாலங்களும் மற்றவற்றுக்கு மும்மூன்று பாலங்களும் இருந்தன. ஒரு பாலத்தின் வழியே உள்ளே வந்தவர் வெளியேற இன்னொரு பாலம் வேண்டுமாகையால், ஒற்றைப்படையில் பாலங்கள் உள்ள இடம் நடையின் தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். ஒரு நடைக்குத் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று; இங்கோ நான்கு இடங்களுமே ஒற்றைப்படை. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியல் என்னும் கணிதத் துறையே இந்த 'முடியாது' என்பதிலிருந்துதான் பிறந்தது. மார்கழியில் என் மனைவி கையெடுக்காமல் போடும் சிக்குக் கோலத்தில், கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோரிடத்திலும் இரட்டைப்படையாக நான்கு கம்பிகள் புறப்படுவதைத் தங்கள் கட்டுரையாளர் ஒரு நாள் எண்ணிப் பார்த்திருந்தால்கூட இது நேர்ந்திருக்காது.

இது ஒன்றுதான் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதே கட்டுரையில் எங்கள் புறநகரின் வரைபடத்தை வெளியிட்டு, ரேஷன் கடையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் மையமாக வைத்து 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, உள்ளே விழுந்த வீடுகளுக்கெல்லாம் 'வசதிகள் அருகில்' என்று பச்சை வண்ணம் பூசியிருந்தீர்கள். என் வீடும் பச்சையில்தான் இருக்கிறது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ரேஷன் கடையின் பெயர்ப்பலகையைக் கண்ணாடி போடாமலே படிக்கலாம். நடுவில் தண்டவாளம். ரயில்வே கேட் இருந்தவரை ஐந்து நிமிட நடை. அதை மூடித் தெற்கே தள்ளிச் சுரங்கப்பாதை அமைத்த பிறகு இரண்டு கிலோமீட்டர். மேம்பாலத்தில் நடைபாதை கிடையாது என்பதால், நடந்து போகிறவர்களுக்கு அந்தச் சுரங்கப்பாதை ஒன்றே இணைப்பு. அறுந்தால் ஊரே இரண்டு துண்டாகிவிடும் இத்தகைய இணைப்பைக் கோட்டுருவியலில் 'பாலம்' என்றே சொல்வார்கள். எங்கள் பாலம் பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசி மழையில் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. சென்ற ஆண்டு அப்படியொரு நாளில் ரேஷன் அரிசி வாங்கிவர ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தேன். அரிசி இலவசம்.

இது குறித்து நான் எழுதுவது முதல் முறையும் அல்ல. மூன்றாண்டுகளுக்கு முன், திறக்கப்படும் ஒவ்வொரு மேம்பாலத்தையும் 'நெரிசலுக்கு விடிவு' என்று தாங்கள் வரவேற்று வந்தபோது, அவரவர் தமக்கு விரைவான வழியைத் தேடிப் போகும் சாலை வலையில் புதிதாக ஒரு சாலையைச் சேர்ப்பதால் எல்லோருடைய பயண நேரமும் கூடிவிடவும் வாய்ப்புண்டு என்று ஜெர்மன் கணித அறிஞர் பிரேஸ் 1968இலேயே காட்டியதை நினைவூட்டி எழுதினேன். தென்கொரியாவின் சோல் நகரில் ஓர் ஓடையை மூடி நின்ற உயர்மட்டச் சாலையை இடித்துவிட்டு, 2005இல் ஓடையை மக்களுக்குத் திறந்துவிட்டதையும் குறிப்பிட்டிருந்தேன். இடமின்மையால் வெளியிட இயலவில்லை என்று பதில் வந்தது. அதே வாரம், ரயில் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம் என்று அறிவித்த ஒரு மனை விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இருந்தது. அந்த மனைகளும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. நிலையத்தின் வாசலோ அந்தப் பக்கம். தங்களுக்குத் தெரியாததல்ல.

இடமின்மையை அறிந்தவன் என்பதால் அதிகம் கேட்கவில்லை. ஆய்லர் பற்றிய வரிக்கு ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இணையப் பதிப்பில் அந்த வரைபடத்தைச் சாலை வழியே அளந்து மாற்றும்வரை, என் வீட்டின் மீதுள்ள பச்சையையாவது எடுத்துவிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
செங்கல்பட்டு மாவட்டம்