என் புள்ளிக் கவுனுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள செந்தூல் சொந்தங்களுக்கும் அண்டை வீட்டாருக்கும்,

போன சனிக்கிழமை மேடையில் என்னைப் பார்த்ததிலிருந்து "கவுன் எங்கே வாங்கினாய்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வாங்கவில்லை, தைத்தது. நானே தைத்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மெர்டேக்கா (மலேசியச் சுதந்திர நாள்) நிகழ்ச்சிக்கு, சுதந்திரம் கிடைத்த 1957ஆம் ஆண்டைக் கண்முன் கொண்டுவருவோம் என்று நம் குடியிருப்புப் பெண்கள் முடிவெடுத்தபோது, பாதிப் பேருக்குச் சேலை, இருவருக்குக் கெபாயா என்ற மலாய் மேல்சட்டை. எனக்கு விழுந்தது கோலாலம்பூரின் பத்து ரோடு என்ற தெருவில் ஓர் அலுவலகத்தில் டைப் அடிக்கும் பெண் வேடம். இறுகின இடுப்பு, குடை மாதிரி விரியும் பாவாடை, வெள்ளைப் புள்ளி போட்ட நீலக் கவுன். முன்பணம் வாங்கிய ஒரு தையல்கடை (பெயர் வேண்டாம்) நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கையை விரித்துவிட்டது. கல்யாண ஆர்டர் நிறையவாம். சரி, நாமே தைப்போம் என்று இறங்கினேன். நான் அதுவரை தைத்ததில் பெரியது தலையணை உறை.

முதல் நன்றி ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் துணி வெட்டிக் கொடுத்த அண்ணனுக்கு. நம் ரிங்கிட் நோட்டில் இருக்கும் முதல் மாமன்னரின் பெயரைத்தான் இப்போது அந்தத் தெரு தாங்குகிறது. அம்மாவுக்கு மட்டும் இன்றும் அது பத்து ரோடுதான். பண்டாராயா ஸ்டேஷனில் இறங்கி நேரே போய், "மூன்று மீட்டர் பாப்ளின்" என்றேன். அவர் கத்தரியை எடுக்கவில்லை. "முழு வட்டமா, அரை வட்டமா?" என்று கேட்டு, முழு வட்டம், என் இடுப்பு முப்பது அங்குலம் என்றதும் ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். முப்பதை 6.28ஆல் வகுத்தால் நடு ஓட்டைக்கு ஆரம் நாலேமுக்கால் அங்குலம். அதோடு பாவாடை நீளம் இருபத்தேழும் மடிப்பும் சேர்ந்தால் முப்பத்திரண்டரைக்கு மேல். துணியின் அகலமோ நாற்பத்தைந்துதான். இரண்டு அரை வட்டமாகத்தான் வெட்ட முடியும், பாவாடைக்கே மூன்றே கால் மீட்டர் தாண்டும். "அஞ்சு மீட்டர் எடுத்துக்கங்க, மிச்சம் வந்தா என்னைத் திட்டுங்க" என்றார். திட்டவில்லை அண்ணே, ஒரு முழம் கூட மிஞ்சவில்லை.

இவ்வளவு துணி தின்னும் பாவாடைக்கும் ஒரு பின்கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் உடுப்புக்கும் ரேஷன், 1949 வரை. ஜப்பான்காரன் காலத்தில் இங்கும் துணிக்குப் பஞ்சம். 1947இல் பாரிசில் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் ஒட்டிய இடுப்பும் அகலப் பாவாடையுமாக உடுப்பு காட்டியபோது சிலர் மயங்கினார்கள், சிலர் இவ்வளவு துணியா என்று கோபப்பட்டார்கள். பில் தொகையைப் பார்த்தபோது நான் இரண்டாவது கட்சி.

அண்ணிக்கு அடுத்த நன்றி. பழைய பேட்டர்னின் (துணி வெட்டுவதற்கான அளவு வரைபடம்) மறுபதிப்பை ஏ4 தாள்களில் அச்செடுத்து ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான். கடையில் நான் வாங்கும் உடுப்பின் அளவு 14, அதனால் 14ஐயே வெட்டப் போனேன். "முதல்ல பழைய பெட்ஷீட்டில் தைத்துப் பார்" என்றார். 1950களின் தொடக்கத்துப் பேட்டர்னில் 14 என்றால் மார்பு முப்பத்திரண்டு அங்குலம், இடுப்பு இருபத்தாறரை! பெட்ஷீட் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. அண்ணி சிரித்த சிரிப்பை மன்னித்துவிட்டேன்.

இப்போது நான்காம் மாடி மக்சிக்குக்கு (அங்கே இருக்கும் மலாய் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வருகிறேன். சரியான அளவில் வெட்டி, அத்தையின் கைச்சுற்று சிங்கர் மெஷினில் மேல்பகுதியைத் தைத்து முடித்துவிட்டேன். தோளோடு சேர்த்தே வெட்டிய கை, தனியாகக் கை வைக்க வேண்டியதில்லை, சுலபம் என்றுதான் அந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்தேன். போட்டுப் பார்த்து, ஜோகெட் என்ற மலாய் ஆட்டத்துக்குக் கையைத் தூக்கினேன். கவுனின் இடுப்பே விலாவுக்கு ஏறியது. இன்னும் கொஞ்சம் தூக்கினேன், அக்குளில் "டர்ர்". நிகழ்ச்சிக்கு நாலு நாள்.

கிழிந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு அழாத குறையாக மாடி ஏறினேன். மக்சிக் முப்பது வருஷமாக பாஜு குரோங் (மலாய்ப் பெண்களின் தளர்வான உடுப்பு) தைப்பவர். திருப்பிப் பார்த்துவிட்டு, "கெக்கெக் எங்கே?" என்றார். பாஜு குரோங்கின் அக்குளில் வைக்கும் சிறு சதுரத் துண்டுக்குக் கெக்கெக் என்று பெயராம். அதனால்தான் அந்த உடுப்பில் கையை எப்படி வீசினாலும் இழுப்பதில்லை. பேட்டர்ன் தாளைத் தேடினால், அதிலும் சாய்சதுரமாக ஒரு துண்டு இருந்தது. என்னவென்று புரியாமல் நான்தான் ஒதுக்கிவைத்திருந்தேன்.

மக்சிக் அக்குளிலிருந்து தோளை நோக்கி ஒரு கீறல் போட்டார். கீறலின் முனையில் துளித் துணி வைத்து முதலில் பலப்படுத்தினார், இல்லாவிட்டால் அங்கேதான் மறுபடி பிரியுமாம். பிறகு சாய்சதுரத்தை உள்ளே வைத்து முனையில் ஊசியை இறக்கி, துணியைத் திருப்பி, மறுபக்கம். இடது அக்குள் அவர் தைத்தது, வலது நான் தைத்தது. வலதை மூன்று முறை பிரித்தேன். காசு கொடுத்தபோது முறைத்தார்.

மற்றவை விரைவாக. வெட்டிய பாவாடையை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்ட பிறகே மடிக்க வேண்டும், மூலைவாட்டில் வரும் இடங்களில் துணி கீழே இறங்கும் என்று தடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. இரவு தண்ணீர் குடிக்க எழுந்த என் கணவர் ஜன்னலோரம் யாரோ நிற்பதாக நினைத்து அலறியது தனிக்கதை. ஜிப்பை முதுகில் வைக்கப் போனபோது, "எங்க காலத்தில் இடது இடுப்போரம்தான்" என்று திருத்தியவரும் பாட்டியே. உள்பாவாடை வலைபோன்ற நெட் துணியில் மட்டும் இருந்தால் காலைக் கடிக்கும் என்று, பருத்திப் பாவாடைக்கு அரிசிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிக் கொடுத்தார். நிகழ்ச்சி முடியும்வரை என்னிடம் சோற்று வாசம்தான்.

விளிம்பின் சுற்றளவு ஐந்து மீட்டர். கடைசி இரவு அண்ணியும் பாட்டியின் பேத்தியும் எதிரெதிர்ப் பக்கத்தில் தொடங்கிக் கைத்தையல் போட்டு, இரண்டு மணிக்கு நடுவில் சந்தித்தார்கள். ஒரு தையல் பெரிதாகவும் மற்றது பொடியாகவும் இருக்கிறது. யாருடையது எது என்று சொல்ல மாட்டேன்.

மேடையில் ஜோகெட்டின்போது இரண்டு கையையும் முடிந்த மட்டும் உயர்த்தினேன். முன்வரிசையில் மக்சிக் என் முகத்தைப் பார்க்கவேயில்லை, வலது அக்குளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை, மெஷினை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். ஊசி ஒன்று உடைந்தது, புதியது மாட்டிவிட்டேன்.