சொலோவ்கியிலிருந்து வந்த படம்

அன்பு மகளுக்கு,

ரஷ்யாவின் வடக்கே, வெண்கடலில் இருக்கும் சொலோவ்கி தீவில் நீ எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "கோயில் மாதிரி இருக்கிறதே, கும்பிட்டாளா?" என்று கேட்கிறாள் அம்மா. 15ஆம் நூற்றாண்டு மடம், கும்பிடலாம்தான். ஆனால் அந்தக் கல்மதிலுக்குள் 1923இல் கைதிகள் முகாம் தொடங்கிவிட்டார்கள். கொடுமையெல்லாம் ஸ்டாலின் காலத்தோடு வந்தது என்று டீக்கடையில் எத்தனை முறை வாதாடியிருப்பேன்! 1923இல் லெனின் உயிரோடுதான் இருந்தார்.

நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேனே, அந்த மீசைக்காரர், ரஷ்ய எழுத்தாளர் கார்க்கி. அவர் 1929 ஜூனில் அங்கே போனார். சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து பாராட்டி எழுதினார். மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலைக்கு வந்த தமிழ்ப் புத்தகங்களில் அவரைப் படித்துத்தான் நான் சங்கத்தில் சேர்ந்தேன். பசியை அவ்வளவு தெரிந்தவரின் கண்ணில் அங்கே எதுவுமே படவில்லையா?

அங்கே செய்த வேலைக்குத் தக்கபடிதான் ரொட்டி. அளவை முடிக்காதவனுக்கு ரொட்டி குறையும், மறுநாள் வேலை இன்னும் குறையும். மில்லில் பீஸ் ரேட்டுக்கு உழைத்தவன் நான், இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். கூலி குறைந்த வாரத்தில் உன் பாட்டி தன் கஞ்சியை என் பக்கம் தள்ளிவிடுவாள். அங்கே தள்ள யார் இருந்தார்கள்?

அடுத்து, வெண்கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கக் கைதிகளை வைத்து வெட்டிய வெண்கடல் கால்வாய். 1931 முதல் 1933 வரை, 20 மாதங்களில் 227 கிலோமீட்டர். லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள் கடப்பாரையாலும் மரத் தள்ளுவண்டியாலும் வெட்டினார்கள். அரசுக் கணக்கிலேயே 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அத்தனைக்கும் பிறகு ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் அதில் போக முடியவில்லை. 1937இல் சொலோவ்கிக் கைதிகள் 1,111 பேரைக் ரஷ்யாவின் வடமேற்கே கரேலியாவின் சந்தர்மோக் காட்டில் சுட்டுப் புதைத்தார்கள். அந்தக் குழிகள் கிடைத்ததே 1997இல்தான்.

மாஸ்கோவில் விமானம் ஏற வரும்போது நேரமிருந்தால், ரகசியப் போலீஸின் தலைமையகம் இருக்கும் லுபியான்கா சதுக்கத்துக்குப் போ. சொலோவ்கியிலிருந்து கொண்டுவந்த கல் ஒன்றை, பலியானவர்களின் நினைவாக 1990இல் அங்கே வைத்தார்கள். இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டிவந்த 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால்தான் இதை வாட்ஸ்அப்பில் எழுதாமல் உன் தோழியின் கையில், பருப்புப்பொடியோடு கொடுத்தனுப்புகிறேன். நீயும் போனில் பதில் எழுதாதே.

கார்க்கி படத்தை இன்னும் கழற்றவில்லை. நேற்று தூசி தட்டும்போது அம்மா, "இவர் இருக்கட்டுமா?" என்று கேட்டாள். நீ வந்ததும் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பா