டிசம்பர் வெள்ளத்தில் எங்களைத் தாங்கினவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கும், வேறு இடத்தில் தொழுதாலும் அந்த வாரம் எங்களோடு ஒரே அடுப்பில் சாப்பிட்ட அக்கம்பக்கத்தாருக்கும், தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் சேகரத்தாரின் (ஒரே குருவானவரின் கீழுள்ள சபையாரின்) ஸ்தோத்திரமும் நன்றியும்.

2023 டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறு கொண்ட ஆயத்த நாட்களின் மூன்றாம் ஞாயிறு. அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஆறு கரை மீறியது, கரண்டும் போனும் நின்றுபோயின. அந்த ஆண்டு நான்காம் ஞாயிறும் கிறிஸ்துமஸ் ராத்திரியும் ஒரே நாளில், 24ஆம் தேதியில் வந்தன. அதற்கு நடுவே இருந்தது ஆறே நாள். அந்த நாட்களில் கை கொடுத்தவர்களுக்கு இந்த 2024ஆம் வருஷ ஆயத்த நாட்கள் தொடங்குமுன் நன்றிக்கடன் தீர்க்கவேண்டும் என்றே இதை எழுதுகிறோம். அடுத்த மழைக்கு மற்ற சபைகளுக்கும் பயன்படட்டும் என்று செய்முறையையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி, அசனம் என்கிற சபை விருந்துக்குச் சமைக்கும் அண்ணாச்சிமாருக்கு. அசனப் பண்டிகைக்கு மட்டும் இறக்குகிற கிடாரங்களை யாரும் கேட்குமுன்பே மேட்டுத்தெருவில் ஏற்றி வைத்தீர்கள். கஞ்சிக்கு, நூறு பேருக்கு ஏழரை கிலோ அரிசி, இரண்டரை கிலோ சிறுபருப்பு, அறுபது லிட்டருக்குக் குறையாத தண்ணீர், பூண்டு, வெந்தயம், உப்பு. நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. பரணில் கிடந்த பனையோலையையும் தென்னம்பாளையையும் கொண்டுவந்த தாய்மாராலேதான் அடுப்பு பிடித்தது.

கஞ்சி கொடுக்குமுன் ஜெபக்கூட்டம் வைக்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்தபோது, வேண்டாம் என்று சொன்ன சபை ஊழியருக்குத் தனியாக நன்றி. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவு வந்தால் போதும் என்றபோது, தூதன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டி, சாப்பிடு என்றான். திரும்பத் தூங்கவிட்டு, இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நாற்பது நாள் பிரயாணமும் ஓரேப் மலையில் கேட்ட தேவனுடைய மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகுதான். பசித்தவன் காதில் வசனம் ஏறாது. இந்த வரிசையை மாற்றிவிட்டால், ஜெபித்தால்தான் கஞ்சி என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அந்த எண்ணம் பிறகு எளிதில் போகாது.

சங்கிலி ஜெபத்தைத் தாங்கினவர்களுக்கு அடுத்த நன்றி. ஒருவர் மாற்றி ஒருவராக, ஒரு நாளுக்கு அரைமணி வீதம் நாற்பத்தெட்டு முறை. பகல் முறைகளுக்குக் கையெழுத்து தானாக விழும். ராத்திரி ஒன்று முதல் நாலு வரைதான் சங்கிலி அறும். தனியாக உட்காருகிறவர் கண்ணயர்ந்துவிடுவார், அடுத்தவரை எழுப்ப ஆளிருக்காது. அதனால் அந்த மூன்று மணிநேரத்துக்கு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தீர்கள். ஜெப நோட்டைக் கைக்குக் கை கொடுத்த பிறகே எழுந்துபோனீர்கள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். “எல்லாருக்காகவும்” என்று ஒரு வரிகூட அதில் இல்லை. எந்த வீடு, என்ன தேவை, அவ்வளவுதான்: கீழத்தெரு கடைசி வீட்டுப் பாட்டிக்கு இன்சுலின், ஓடைக்கரை வீட்டுக் கன்றுக்குட்டிக்கு வைக்கோல், வாழை முழுதும் சாய்ந்துபோன தகப்பனுக்குத் தூக்கம். வலது பக்கம் ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும். காலை ஆறு மணிக்கு வாலிபர் சங்கத் தம்பிமார் வந்து, தங்களால் ஆகக்கூடியதை எழுதி எடுத்துக்கொண்டு, முடித்தபின் தேதி போடுவார்கள். இரவில் ஜெபமாக இருந்த பட்டியல் விடிந்ததும் வேலைப் பட்டியலானது. படகோடு வந்த கடற்கரை ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று முடிவு செய்தார்கள். தேதி விழாத கட்டங்களும் உண்டு. அவற்றை யாரும் அடித்துவிடவில்லை, அடுத்த இரவுக்கு மறுபடி எழுதினார்கள்.

வீடு வீடாகப் போன பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கு நன்றி. இரண்டு பேராகப் போனீர்கள், கால்மணி நேரத்துக்கு மேல் உட்காரவில்லை. “பாவத்துக்கு வந்த தண்டனை” என்ற சொல் உங்கள் வாயில் வரவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவராகிய இயேசுவே பதிலும் சொல்லிவிட்டார். “எல்லாம் நன்மைக்கே” என்பதையும் அந்த வாரத்துக்கு ஒதுக்கி வைத்தீர்கள். அது மெய்தான். ஆனால் சேறு காயாத வீட்டில் வெளியாள் சொன்னால், அழாதே என்று வாயைப் பொத்துவதாகவே அது போய் விழும். எல்லாம் இழந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

அதற்குப் பதிலாக நீங்கள் வாசித்தது 69ஆம் சங்கீதத்தின் முதல் மூன்று வசனங்கள். ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை. உளை என்ற சொல்லுக்கு அன்று யாருக்கும் அர்த்தம் சொல்லவேண்டியிருக்கவில்லை, அந்தச் சேறு முழங்கால் வரை ஒட்டியிருந்தது. நம் வாயில் வராத முறையீட்டை வேதமே முன்கூட்டி எழுதி வைத்திருக்கிறது என்று தெரிந்தபோதுதான் பல வீடுகளில் முதல் அழுகையே வந்தது. அழுது முடித்தவர்களுக்கு 23ஆம் சங்கீதம். அதில் ஒரு நுட்பம் உண்டு. மேய்ச்சலிலும் தண்ணீரண்டையிலும் “அவர்” என்று தேவனைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறவன், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்று நேராகப் பேசத் தொடங்கிவிடுகிறான். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, வீட்டாரையே தொடரவிட்டீர்கள். சரியாகச் செய்தீர்கள்.

வாரங்கள் கழிந்தும் மழைச் சத்தத்துக்கே உடல் நடுங்கினவர்களுக்கு, ஜெபத்தோடு 14416 என்ற மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தீர்கள். விசுவாசக் குறைவு என்று ஒருவரையும் சொல்லவில்லை.

எங்கள் பெரிய கடன் பழைய ஓய்வுநாள் பள்ளி (ஞாயிறு வேதபாட வகுப்பு) ஆசிரியைகளிடத்தில். கரண்டு இல்லை, கண்ணாடி தண்ணீரோடு போயிற்று, வேதாகமம் நனைந்து கட்டியாயிற்று. இருட்டில் முகாமுக்குள் சங்கீதம் கேட்டது மனப்பாடமாய்ச் சொன்னவர்களின் வாயிலிருந்துதான். முட்டாய்க்காக நீங்கள் ஒப்பிக்க வைத்த வசனங்கள் அவை. இயேசு சொன்ன உவமையில், மணவாளனுக்குக் காத்திருந்த புத்தியுள்ள ஐந்து கன்னிகைகள், விளக்கு அணையப்போன மற்ற ஐந்து பேருக்குத் தங்கள் எண்ணெயைப் பகிர்ந்து கொடுக்கவில்லையே என்று அவர்கள்மேல் சிலருக்குக் குறை உண்டு. நடுராத்திரியில் கைமாற்ற முடியாத சில காரியங்கள் இருக்கத்தான் செய்கின்றன.

அதனால் 2024 டிசம்பர் 1-ல் தொடங்கும் இந்த ஆயத்த நாட்களில், சபை முழுதும் மூன்று சங்கீதங்களை மனப்பாடம் செய்கிறோம்: 23, 121, 130. ஆறு, எட்டு, எட்டு, ஆக இருபத்திரண்டு வசனம். நாளுக்கு ஒன்று; 24ஆம் தேதிக்குள் திருப்பிப் பார்க்க இரண்டு நாள் மிஞ்சும். படுக்குமுன் ஒருதரம், எழுந்ததும் பாத்திரம் விளக்கும்போது ஒருதரம், வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஆளுக்கொரு மொழிபெயர்ப்பில் படித்தால் கூட்டமாகச் சொல்லும்போது இரண்டாம் வரியிலேயே குலைந்துபோகும்; எல்லாரும் பழைய மொழிபெயர்ப்பையே வைத்துக்கொள்வோம்.

கடைசியாக, நனைந்த வேதாகமங்களைக் காப்பாற்றின கல்லூரிப் பிள்ளைகளுக்கு. ஊறிய தாளைத் திறந்தால் கிழியும் என்று மூடியபடியே பிடித்து, நல்ல தண்ணீரில் சேற்றை அலசினீர்கள். பேனா மையில் ஞானஸ்நானத் தேதிகள் எழுதின புத்தகங்களை மட்டும் தண்ணீரில் தொடாமல், அந்தப் பக்கத்தை முதலில் போட்டோ எடுத்தீர்கள். ஒருநாள் நிமிர்த்தி வைத்து நீர் வடியவிட்டு, பிறகு இருபது தாளுக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, நனைய நனைய மாற்றினீர்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் மை வசனத்தில் ஒட்டும். வெயிலில் வைத்தால் அட்டை முறுக்கும். நிழலும் காற்றும்தான் மருந்து. இரண்டு நாளுக்குள் கை வைக்காதவற்றில் பூசணம் பிடித்துவிட்டது.

மூன்று வேதாகமங்கள் இன்னும் உரியவர் வராமல் ஆலய அலமாரியில் இருக்கின்றன. ஒன்று பெரிய எழுத்து, கறுப்புத் தோல் அட்டை. முன்தாளில் நாலு பேரின் ஞானஸ்நானம், நாலாவது பெயரில் முதல் எழுத்து மட்டும் கலையாமல் நிற்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அந்தப் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சேகர ஜெபக்குழுவினரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும்