மரத்தக்காளியை வெட்டச் சொன்ன சங்கத்தாருக்கு

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மதிலோரம் நான் வளர்ப்பது "விஷச்செடி போலத் தெரிகிறது, பதினைந்து நாளில் அகற்றவும்" என்று எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்ட வந்தவர் ஒரு காயையும் பறித்துப் பிளந்து பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பழுத்தபின் வந்திருந்தால் நானே தட்டில் வைத்துக் கொடுத்திருப்பேன்.

அது மரத்தக்காளி. நம் நீலகிரிச் சந்தையில் விற்கிற பழம்தான். நம்மில் பாதிப் பேர் ஓய்வுபெற்றபின் சமவெளியிலிருந்து மலையேறியவர்கள், தெரியாததில் தப்பில்லை. நானும் முதலில் நாட்டுத் தக்காளி என்று நினைத்து வாங்கித் தோலோடு கடித்தேன். அந்தக் கசப்பு சாயங்காலம் வரை நாக்கில் இருந்தது. அப்புறம்தான் பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, பால் கொண்டுவரும் அம்மா சொல்லிக்கொடுத்தார்: தணலில் சுட்டுத் தோலை உரி, பச்சை மிளகாய், பூண்டு, உப்பு வைத்து அரை. அன்று இரண்டு தோசை கூடுதலாக உள்ளே போனது. மிச்சம் வைத்த விதையில் முளைத்ததுதான் இந்த மரம். காய்க்க இரண்டு வருஷம் ஆயிற்று.

இது தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்குக் குடும்பம். பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. நியூசிலாந்துக்காரர்கள் 1967-இல் இதற்கு 'டாமரில்லோ' என்று பெயர் வைத்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். நாம் அகற்றச் சொல்கிறோம்.

இலையைக் கசக்கினால் வாடை அடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். கசக்காதீர்கள். பச்சைக் காயைத் தின்னக் கூடாது என்பதும் சரி. பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் வேர் மதிலைப் பிளந்துவிடும் என்று எழுதியிருப்பதுதான் புரியவில்லை. இதன் வேர் மேலாகவே ஓடுவது. எனக்கு இருக்கிற கவலையே பெருங்காற்றில் மரம் சாய்ந்துவிடுமோ என்பதுதான். அதற்குத்தான் மூங்கில் முட்டு. செயலாளர் ஐயா கேட்ட "அந்தக் கம்பு எதற்கு?" என்பதற்கும் இதுவே பதில்.

இப்போது பதினேழு காய் செம்மை ஏறிக்கொண்டிருக்கிறது. கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். தோசை, சட்னி என் பொறுப்பு. வெட்டுவதா வேண்டாமா என்பதைச் சாப்பிட்டபின் பேசுவோம். வெள்ளை வேட்டி மட்டும் வேண்டாம், இந்தச் சாறு பட்டால் கறை போகாது.

இப்படிக்கு,
கடைசி வீட்டுக்காரி