கடலோர 11 கி.வோ. (கிலோவோல்ட்) லைன்களுக்கான பாலிமர் இன்சுலேட்டர் கொள்முதல், பராமரிப்பு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
உரிமம் பெற்ற மின் பணியாளர்கள், ஐஸ் ஆலை, இறால் பண்ணை மின் பராமரிப்பாளர்கள்,
மண்டபம் – பாம்பன் – தங்கச்சிமடம் பகுதி.

பெறுநர்:
மேற்பார்வைப் பொறியாளர் அவர்கள்,
மின் பகிர்மான வட்டம், இராமநாதபுரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: உப்புக்காற்றில் பாலிமர் இன்சுலேட்டர்களின் மேற்பரப்பு கருகித் தடம் விழுவதைத் தடுக்கக் கோருதல்.

மண்டபம் முதல் இராமேசுவரம் வரையிலும், வாலிநோக்கம் உப்பளப் பக்கமும் மின்கம்பியைத் தாங்கி, மின்சாரம் கம்பத்துக்குப் போகாமல் தடுக்கும் இன்சுலேட்டர்களில் பீங்கானுக்குப் பதில் பாலிமர் வருவதை வரவேற்கிறோம். எடை குறைவு, கல்லெறிக்கும் தாங்கும். ஆனால் ‘பாலிமர், 11 கி.வோ.’ என்று மட்டும் கேட்டு வாங்கும் சரக்கு இந்தக் கரைக்குப் போதாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மழை அரிது. கழுவ ஆளில்லாமல் உப்பு படிந்துகொண்டே போகிறது, குறிப்பாக இன்சுலேட்டரின் குடை போன்ற விரிந்த தட்டுகளின் அடிப்பக்கத்தில். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழையே வேண்டாம், மார்கழிப் பனி போதும். அப்போது கசியும் மின்னோட்டம் குடைகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய தண்டுப்பகுதியைச் சூடாக்கி, அங்கே ஒரு வளையம் மட்டும் முதலில் காய்கிறது. பிற பகுதி ஈரமாக இருப்பதால் மின்னழுத்தம் பெரும்பாலும் அந்தக் காய்ந்த வளையத்தின் மேல் விழுந்து, பொறி தாவுகிறது. விடியற்காலையில் கம்பத்தடியில் நின்றால் சீறல் கேட்கும், மஞ்சளும் நீலமுமாய் மினுங்கும். கரிம அடிப்படையிலான பிளாஸ்டிக் என்றால் பொறி சுட்ட இடம் கரியாகி, கிளை பிரிந்த கருங்கோடு ஓடும்; இதையே தடம் என்கிறோம். கரி மின்கடத்தி, அடுத்த பனிக்கு அது இன்னும் நீளும்.

சிலிக்கான் ரப்பரில் எரிந்த மிச்சம் பெரும்பாலும் மின்கடத்தாத சிலிக்கா. அதனால் தடத்தைவிட அரிப்புதான் அதிகம். அதில் கலக்கும் அலுமினியம் டிரைஹைட்ரேட் சூட்டில் நீரை வெளிவிட்டுக் குளிர்விக்கும். இந்தக் கலவையைக் குறைத்த மலிவுச் சரக்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே வண்ணத்தையும் விலையையும் நம்பாமல், ஐ.இ.சி. என்ற சர்வதேச மின் தர அமைப்பின் 60587 சாய்தளச் சோதனையில் 4.5 கி.வோ.வில் 6 மணி நேரம் தாங்கியதற்கும், ஐ.இ.சி. 62217 படி 1000 மணி நேர உப்புப்பனிச் சோதனைக்கும் அறிக்கை கேட்டு வாங்க வேண்டுகிறோம்.

கிரீப்பேஜ் தூரம், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இன்சுலேட்டரின் மேற்பரப்பை ஒட்டி அளக்கும் தூரம், அடுத்தது. மிகக் கடும் மாசுப் பகுதிக்கு, லைன்களுக்கிடையிலான மின்னழுத்தத்தில் ஒரு கி.வோ.வுக்கு 31 மி.மீ. என்பது கணக்கு. அதிகபட்ச மின்னழுத்தம் 12 கி.வோ. என்றால் 372 மி.மீ. வேண்டும். 320 மி.மீ. சரக்கில் கி.வோ.வுக்கு 26.7 மி.மீ.தான் கிடைக்கும், உள்நாட்டுக்கு அது தாராளம், கடலோரத்துக்குப் பற்றாது.

லைனின் இழுவையைத் தாங்கும் டென்ஷன் இன்சுலேட்டரில் ஆபத்து இன்னும் பெரிது. முனை உலோகத்துக்கும் ரப்பருக்கும் இடையிலான சீல் பிளந்தால், ஈரம் உள்ளே போய் அமிலத்தோடு நடுவிலுள்ள கண்ணாடியிழைக் கம்பியை அரிக்கும். வெளியே அடையாளமே இல்லாமல் ஒருநாள் அந்த உட்கம்பி முறிந்து லைன் தரைக்கு வரும். எனவே போரான் இல்லாத, அமிலம் தாங்கும் கண்ணாடியிழை என்பதையும் கொள்முதல் விவரக்குறிப்பில் சேர்க்க வேண்டும்.

பராமரிப்புக்கு: பனிக்காலம் தொடங்குமுன் எல்.சி. (லைனில் மின்சாரத்தை நிறுத்தியதற்கான அனுமதி) எடுத்து, லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகே கழுவ வேண்டும். நல்ல தண்ணீரும் மென்துணியும் போதும். ஊர் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது உப்பை ஏற்றுமே தவிர இறக்காது. மண்ணெண்ணெய், பெட்ரோல், வயர் பிரஷ், உப்புத்தாள் கூடாது. கழுவிக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம்: முத்து முத்தாக நின்றால் நலம், படலமாகப் பரவினால் நீர் விலக்கும் தன்மை போயிருக்கிறது. ஓரிரு நாள் உலர்ந்த காற்றில் அது திரும்பக்கூடும். ஆகவே மறுபடி சோதித்தே முடிவு செய்யலாம். கருந்தடம் விழுந்ததையும், அரிப்பில் உள்ளிருக்கும் கண்ணாடியிழைக் கம்பி தெரிவதையும் அப்படி விடாமல் உடனே மாற்ற வேண்டும்.

இணைப்புப் பெட்டிகளில் பேக்லைட் டெர்மினல்களும் இதே போல் கருகுகின்றன. பேக்லைட்டில் உள்ள பீனாலிக் பிசின் எளிதில் கரியாவதால் 240 வோல்ட்டே அதற்குப் போதும். கடலோர இணைப்புகளில் அவற்றுக்குப் பதில் தடம் விழாமல் தாங்கும் திறனைக் குறிக்கும் எண் (சி.டி.ஐ.) 600 உள்ள பொருளை வலியுறுத்த வேண்டுகிறோம்.

முதற்கட்டமாகக் கடற்கரையை ஒட்டிய ஃபீடர்களில் (துணைமின் நிலையத்திலிருந்து வரும் லைன்களில்) பனி இரவில், விடியுமுன் இருட்டில் ஒரு சோதனை நடத்தி, மினுங்கும் கம்பங்களைப் பட்டியலிட்டு ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஐஸ் ஆலைகளின் பக்கமுள்ள கம்பங்களைக் காட்டித்தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்.