சேனல் தொடங்கப் போகும் மகளுக்கு

அம்மாடி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய யூடியூப் சேனல் திட்டத்தைப் படித்தேன். செய்தி, சமையல், சினிமா, ஆன்மிகம், அப்புறம் 24 மணி நேர நேரலை வேறு. கோபித்துக்கொள்ளாதே, சன் டிவியையே திரும்ப ஆரம்பிக்கிற மாதிரி இருக்கிறது.

தொண்ணூறுகளில் மன்னார்குடியில் நான் லோக்கல் கேபிள் சேனல் நடத்தினேன் என்பது உனக்குக் கதையாகத்தான் தெரியும். 1993இல் சன் டிவி வந்த பிறகு படத்துக்கும் பாட்டுக்கும் நம்மைத் தேடி வர ஒருவருக்கும் அவசியமில்லை. ஆனால் பங்குனித் திருவிழா வெண்ணெய்த்தாழியை விஎச்எஸ் கேமராவில் எடுத்து அன்று ராத்திரியே போட்டால் ஊரே டிவி முன்னால் உட்காரும், ராஜகோபாலன் மேல் வெண்ணெய் எறிகிற கூட்டத்தில் தன் முகம் வருகிறதா என்று பார்க்கத்தான் பாதிப் பேர். நம்மால் மட்டும் கொடுக்க முடிந்தது அதுதான்.

உன்னிடம் அப்படி என்ன இருக்கிறது என்று யோசி. நீ வேளாண்மை படித்தவள், டெல்டாக்காரி. ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்களா, இன்றைக்கு நீர்மட்டம் எத்தனை அடி, குறுவைக்கு எந்த ரகம் விடலாம், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத விதியைத் தளர்த்துவார்களா என்று நெல்லைக் கொட்டி வைத்துக் காத்திருக்கிறவனுக்கு தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பத்து நிமிடம் பேசினால் போதும். புதுக்கோட்டைப் பக்கம் சின்னவீரமங்கலத்துக்காரர்கள் 2018இல் வில்லேஜ் குக்கிங் சேனல் தொடங்கி, வயல்வெளியில் சமைப்பதை விட்டு நகராமலேயே 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டார்கள், தமிழில் அதுதான் முதல் சேனல்.

24 மணி நேரம் எதற்கு? எங்கள் காலத்தில் ஒளிபரப்பு போனால் போனதுதான், அதனால் மறு ஒளிபரப்பு தேவைப்பட்டது. இப்போது களத்துமேட்டில் இருப்பவன் நினைத்த நேரத்தில் போனில் பார்த்துக்கொள்கிறான்.

பணம் உடனே வராது. யூடியூபில் விளம்பர வருமானம் கிடைக்க ஆயிரம் சந்தாதாரர், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும் (ஷார்ட்ஸுக்குக் கணக்கு வேறு). ஒரு தடவைக்கு ஆறு நிமிடம் என்று வைத்தாலும் 40,000 தடவை பார்த்தாக வேண்டும். தலைப்பில் 'அதிர்ச்சி' என்று போட்டு ஆளை இழுத்தால் அரை நிமிடத்தில் ஓடிவிடுவான், நிமிடம் சேராது. எந்த இடத்தில் விட்டுப் போகிறார்கள் என்று அனலிட்டிக்ஸ் கோடு போட்டே காட்டுகிறது, எனக்கெல்லாம் அந்த வசதி கிடைக்கவில்லை. சந்தாதாரர் எண்ணிக்கையை விட அதைப் பார்.

கேமராவுக்குக் கடன் வாங்காதே, இருக்கிற போன் போதும். காலர் மைக் மட்டும் காற்று மறைப்போடு நல்லதாக வாங்கு, வயலில் காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். பின்னணிக்கு சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். காப்புரிமை கோரினால் அந்த வீடியோவின் விளம்பரப் பணம் பாட்டுக் கம்பெனிக்குப் போகும். ஸ்ட்ரைக், அதாவது காப்புரிமை மீறியதற்கு யூடியூப் கொடுக்கும் எச்சரிக்கை, அதைவிட மோசம், 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

அப்புறம் ஒன்று. கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க கூகுள் ஒரு பின் நம்பரைத் தபாலில் அனுப்பும். அதைப் போட்டால்தான், நூறு டாலர் சேரும்போது பணம் வரும். நீ அடிக்கடி அறை மாற்றுகிறவள், அதனால் நம் வீட்டு முகவரியையே கொடு. போஸ்ட்மேனிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அப்பா